அல் ஐனுக்குப் போன ஆட்டுக்குடல்

கடந்த பிப்ரவரியில் ஒரு மாதம் துபாய் அருகே அஜ்மானில் மகன் வீட்டில் இருந்தேன். மகள் வாசுகி அல் ஐனில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அவளோடு இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்பதுதான் திட்டம். முப்பத்திரண்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் அல்லவா, பஸ் நேரம், கட்டணம் எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். புதன்கிழமை மாலை வந்த போனில் அந்தத் தாள் வீணாயிற்று.

"அம்மா, நாளைக்கு வரும்போது ஆட்டுக்குடல் வாங்கிட்டு வர முடியுமா? ரெண்டு ஆட்டோடது. இங்க வழக்கமா தர்ற கடையில மாஃபிங்கறான், இல்லையாம்."

"குழம்பு வைக்கவா?"

"இல்லம்மா. சிசோமோவுக்கு டெஸ்ட்."

சிசோமோ மலாவி நாட்டு டாக்டர். அவளுடைய போதனா மருத்துவமனைக்கும் வாசுகியின் ஆஸ்பத்திரிக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. வருடத்துக்கு இரண்டு இளம் சர்ஜன்கள் அங்கிருந்து வந்து மூன்று மாதம் பயிற்சி பெறுவார்கள். பிறகு இங்கிருந்து ஒரு குழு அங்கே போகும். வெட்டிய குடலை இணைக்க இங்கே ஒரு கருவி இருக்கிறது. காகிதத்தில் பின் அடிப்பதுபோல டக்கென்று முடிந்துவிடும். சிசோமோவின் ஆஸ்பத்திரியில் அது இல்லை. அதனால் கையால் தைக்கவே சொல்லித்தாருங்கள் என்று கேட்டுக் கற்றிருந்தாள். வியாழன் பரீட்சை, வெள்ளி விமானம். தேறினால்தான் ஊரில் மற்ற டாக்டர்களுக்குக் கற்றுத்தரும் பொறுப்பு கிடைக்கும். இல்லையென்றால் அடுத்த வருடம்தான்.

காலை ஏழு மணிக்கு அஜ்மானில் காதர் பாய் கறிக்கடையில் நின்றேன். அதிராம்பட்டினத்துக்காரர். பரீட்சைக்கு என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "குடல் ரெண்டு செட்டு, நல்லா சுத்தம் பண்ணிக் குடுங்க பாய்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் டீ குடிக்கப் போனேன். நாற்பது திர்ஹாம். பொட்டலத்தை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்.

அந்தப் பெட்டியோடு பஸ் ஏறத் தயக்கம். மகன் தனக்குத் தெரிந்த டிரைவர் சீனியை அனுப்பினான். கீழக்கரைப் பக்கத்துக்காரர். அல் ஐனுக்கு 155 கிலோமீட்டர், 250 திர்ஹாம். எட்டே முக்காலுக்குக் கிளம்பினோம். ஷார்ஜாவைத் தாண்டவே நாற்பது நிமிடம். மதாம் என்கிற ஊர் வழியாகப் போனால் மணல் மெல்லச் சிவக்கிறது. வலது பக்கம் உட்காருங்கள், காலை வெயில் படாது.

"பெட்டியில என்ன டீச்சர், மகளுக்கு விருந்தா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"குடலைத் தைக்கவா! லுங்கி கிழிஞ்சாலே நான் டெய்லர்ட்டதான் ஓடுறேன்." கொஞ்ச தூரம் போனபின், "அந்தப் புள்ள பாஸாகணும். யல்லா!" என்று வேகம் கூட்டினார். கேமரா இருக்கிறது, மெதுவாகப் போங்கள் என்று நான்தான் சொன்னேன்.

பத்து ஐம்பதுக்கு ஆஸ்பத்திரி. பயிற்சி அறையில் பொட்டலத்தைப் பிரித்த வாசுகி அப்படியே நின்றுவிட்டாள். குடல் மொத்தமும் விரல் நீளத் துண்டுகளாக, மஞ்சள் தடவி, குழம்பில் போடத் தயாராக இருந்தது.

"என்னம்மா இது?"

"சுத்தம் பண்ணத்தான் சொன்னேன்..."

"எதுக்குன்னு சொன்னியா?"

சொல்லவில்லை. காதர் பாய்க்குப் போன் போட்டேன். "டீச்சரு எதுக்குக் கஷ்டப்படணும்னு நானே நறுக்கிட்டேன். ஏன், துண்டு பெருசாப் போச்சா?" என்றார். அவரை என்ன சொல்வது!

பரீட்சைக்கு ஒரு மணி நேரம் இருந்தது. சோதிக்க வந்த பெரிய டாக்டர் எட்டிப் பார்த்தார். பிளாஸ்டிக் குழாயில் தைக்கலாம், ஆனால் அதை வைத்துச் சான்றிதழ் தர முடியாது என்றார். ஒரு பெண்ணின் ஒரு வருடத்தை என் கூச்சம் விழுங்கப் போகிறது.

சிசோமோ ஒரு துண்டை எடுத்தாள். விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள்.

"வெட்டிய முனைகள்தானே வேண்டும், சார்? இதில் எல்லாமே முனைகள்தான்" என்றாள் ஆங்கிலத்தில்.

"பிடிக்க இடமே இருக்காது. இது இன்னும் கஷ்டம்."

"தெரியும், சார்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "மூன்று துண்டு, இரண்டு இணைப்பு. ஒரு மணி நேரம்" என்றார்.

கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஒரு தையலுக்கும் அடுத்ததற்கும் அரிசி அளவுதான் இடைவெளி. எல்லாம் ஒரே அளவு. கட்டம் போட்ட நோட்டில் எழுதுகிற கெட்டிக்காரப் பிள்ளைகளின் எண்கள் நினைவுக்கு வந்தன. ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் நூலை வெட்டினாள்.

ஒரு முனையை இறுக்கிவிட்டு, மறுமுனையில் தண்ணீரைச் செலுத்தினார் டாக்டர். முதல் இணைப்பு சொட்டவில்லை. இரண்டாவதில் ஒரு முத்து பளபளத்தது. கசிவா, மேலே பட்ட ஈரமா? காகிதத்தால் ஒற்றினார். மறுபடி அழுத்திக் காத்திருந்தார். அந்த இடம் உலர்ந்தே இருந்தது.

"பாஸ்."

சிசோமோ கையுறையைக் கழற்ற மறந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அந்த மஞ்சள் கறை சேலையிலிருந்து இன்னும் போகவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். துபாய் அல் குபைபா நிலையத்திலிருந்து அல் ஐனுக்குப் பஸ் உண்டு. 25 திர்ஹாம், இரண்டு மணி நேரம். நான் திரும்பியது அதில்தான். பிப்ரவரியில் போனால் பேரீச்சைத் தோப்புகளுக்குள் மதியத்திலும் நடக்கலாம். வெளிநாட்டில் நம்மவர் கடையில் எதை வாங்கினாலும் எதற்கு என்று சொல்லி வாங்குங்கள். இல்லாவிட்டால் பாசத்தில் நறுக்கிவிடுவார்கள்.

போன மாதம் வாசுகி அந்தக் குழுவோடு மலாவி போய்வந்தாள். குடலில் ஓட்டை விழுந்த ஒரு விவசாயிக்கு ஆபரேஷன். ஊசி ஜூனியர் டாக்டர் கையில். சிசோமோ எதிரே நின்று, தானாகக் கை நீண்டுவிடாமல் இரண்டையும் மார்போடு கோத்து வைத்திருந்தாளாம். கரும்பலகையில் பிள்ளை தடுமாறும்போது சாக்பீஸைப் பிடுங்காமல் நிற்பது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். சிசோமோ கடைசித் தையல்வரை கையைப் பிரிக்கவில்லை. எட்டாம் நாள் அந்த விவசாயி நடந்தே வீட்டுக்குப் போனார்.