காலிப் பெட்டியைத் திறந்து பார்ப்பவர்

எதையும் தூக்கிப் போடுவதற்கு முன்னால் சித்தப்பா ஒருமுறை திறந்து பார்ப்பார். தீர்ந்துபோன தீப்பெட்டியோ, பற்பசை வந்த அட்டைப்பெட்டியோ, எதுவானாலும் உள்ளே விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றிய பிறகுதான் அது குப்பைக்கூடைக்குப் போகும். மாத்திரை அட்டையில் எல்லாக் குழியும் கிழிந்திருப்பது நமக்கே தெரியும். அதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். நான் பள்ளியில் படித்த நாளிலிருந்து இதைக் கவனித்திருக்கிறேன். சித்தி சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பாள்.

"என்ன, உள்ள புதையல் இருக்கா?"

"இருந்துட்டா?"

"இருந்தா சொல்லுங்க, நானும் பங்குக்கு வரேன்."

வீட்டில் எல்லோரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார். விரலை மட்டும் எடுக்க மாட்டார். அது கஞ்சத்தனம் என்று அப்பா சொல்வார். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா ஒரு பெரிய சரக்குக் கிடங்கு நிறுவனத்தின் கணினி அறையில் வேலை பார்த்தார். பள்ளிப்படிப்புக்கு மேல் ஒரு தொழிற்பயிற்சி, அவ்வளவுதான் படிப்பு. ஜன்னல் இல்லாத அறை. வரிசையாக இரும்பு அலமாரிகள், அவற்றுக்குள் டிஸ்குகள், எந்நேரமும் ஏசியின் இரைச்சல். கோடையிலும் கம்பளிச் சட்டையோடு வேலைக்குப் போகும் ஒரே ஆள் எங்கள் தெருவில் அவர்தான்.

அவருடைய வேலையைச் சொல்வது சுலபம். கணக்குப் பிரிவு, சரக்குப் பிரிவு, பாதுகாப்புப் பிரிவு என்று ஒவ்வொன்றும் டிஸ்கில் இடம் கேட்கும். ஒரு கூடை இடம் வேண்டுமென்றால் ஒரு வண்டி கேட்பார்கள். வாங்கிய இடத்தில் பாதி சும்மா கிடக்கும். "பஸ்ஸுல துண்டு போட்டுட்டுப் போற கூட்டம்மா இது. ஏறவும் மாட்டானுங்க, துண்டை எடுக்கவும் மாட்டானுங்க" என்பார். யாரும் உட்காராத இருக்கைகளைத் தேடித் துண்டை எடுத்து, அந்த இடத்தைப் பொதுவுக்கு மீட்டுக் கொடுப்பதுதான் சித்தப்பாவின் வேலை. ஏசியைப் பழுது பார்க்க வருகிறவர் அவருக்குக் 'காலிமனை' என்று பெயர் வைத்திருந்தார்.

"என்ன காலிமனை, இன்னிக்கு எத்தனை ஏக்கர் வளைச்சுப் போட்டீங்க?"

"உங்க ஏசி ஒழுங்கா ஓடுனா இன்னும் ரெண்டு ஏக்கர் வளைச்சிருப்பேன்."

மீட்பதற்கு ஒரு முறை இருந்தது. நெடுநாளாக யாரும் திறக்காத பகுதிகளைப் பட்டியல் எடுப்பார். அவற்றைக் கேட்டு வாங்கியவர்களுக்கு மின்னஞ்சல் போகும்: இது உங்களுக்கு இன்னும் வேண்டுமா? குறித்த கெடுவுக்குள் பதில் வராவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம். அதன்பின் அழித்துவிடலாம். அந்த அறையில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட வழக்கம் அது. யாரும் குறை சொன்னதில்லை.

ஒரு நாள் கிடங்கில் உயரமான அடுக்கு ஒன்று சரிந்து விழுந்து ஒரு லோடுமேன் இறந்துபோனார். அந்தப் பகுதியில் ஆட்கள் போகக்கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள். இறந்தவர் கயிற்றைத் தாண்டித் தானாகவே உள்ளே போய்விட்டார், குடித்திருந்தார் என்று நிர்வாகம் சொன்னது. அவரைப் போகச் சொன்னதே மேற்பார்வையாளர்தான் என்று உடன் வேலை செய்தவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்ததோடு சரி.

கிடங்கில் கேமரா இருந்தது. அதன் பதிவுப்பெட்டி சில வாரங்களில் பழைய பதிவின் மேல் புதிய பதிவை எழுதிவிடும். அதனால் பாதுகாப்பு அதிகாரி அவசரமாகக் கணினி அறைக்கு ஓடிவந்து, அன்றைய பதிவைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார். சித்தப்பா ஒரு பகுதியை ஒதுக்கி அதில் நகல் எடுத்தார். சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஓட்டியும் பார்த்தார். பெயர் என்ன வைக்கலாம் என்று கேட்டதற்கு, "எதையாவது வைங்கப்பா" என்று சொல்லிவிட்டு அதிகாரி போய்விட்டார். தற்காலிகம் என்ற பொருளில் 'டெம்ப்' என்று வைத்தார் சித்தப்பா. அந்த டிஸ்குகளில் அதே மாதிரிப் பெயரோடு ஒரு பெரும் கூட்டம் இருந்தது.

பிறகு அந்த அதிகாரி வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். இறந்தவரின் குடும்பம் போட்ட வழக்கு நீதிமன்றத்தில் வாய்தா மேல் வாய்தாவாக நின்றது. டிஸ்கில் அந்தப் பகுதியை யாரும் திறக்கவில்லை. ஒரு நாள் அது சித்தப்பாவின் பட்டியலில் வந்தது. வேண்டுமா என்று கேட்டு மின்னஞ்சல் போனது. வேலையை விட்டுப் போனவரின் அஞ்சல் பெட்டியை நிறுவனம் மூடியிருந்தால் கடிதம் திரும்பி வந்திருக்கும், இவரும் விசாரித்திருப்பார். அதை மூட யாருக்கும் தோன்றவில்லை. கடிதம் போய், ஆளில்லாத பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டது. கெடு முடிந்தது. சித்தப்பா ஒரு காலை வேளையில் பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்து மீட்பை ஓடவிட்டார். 'டெம்ப்' என்ற பெயரைப் பார்த்தார். பார்த்தும் அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

சற்று நேரத்தில் நிறுவனத்தின் சட்டப் பிரிவிலிருந்து தொலைபேசி வந்தது. அந்த அடுக்கு விழுந்த பதிவு நம்மிடம் எங்காவது இருக்கிறதா? எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கிறார்.

"இருக்கு சார், இருங்க பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே தேடியவர், காலையில் ஓடவிட்ட பட்டியலில் அந்த 'டெம்ப்' இருந்ததைக் கண்டார்.

டிஸ்கில் ஒன்றை அழித்தால் அது உடனே போய்விடாது. வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றுவது மாதிரிதான். வீடு அப்படியே நிற்கும். அதன்பின் இயந்திரம் மற்ற வேலைகளுக்கு இடையே மெதுவாக ஒவ்வொரு வீடாக இடித்துக்கொண்டு போகும். முழு இயந்திரத்தையும் அந்த நிமிடமே நிறுத்தினால், அதை விற்ற கம்பெனி ஆட்களை வரவழைத்து மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம். நிறுத்தினால் கிடங்கும் நிற்கும், லாரிகள் வாசலில் நிற்கும். அதற்கு மேலாளரின் உத்தரவு வேண்டும்.

சித்தப்பா மேலாளரின் அறைக்கு ஓடினார்.

"சார், நிறுத்தணும். அதுல ஆக்ஸிடென்ட் பதிவு இருக்கு."

"யார் கேட்டா? எழுத்துல கேட்டாங்களா?"

"போன்லதான் சார். இப்பதான்."

மேலாளர் அவரை நிற்க வைத்துக்கொண்டே சட்டப் பிரிவுக்கு அழைத்துப் பேசினார். இரண்டு முறை "ம்" கொட்டினார். போனை வைத்துவிட்டுச் சொன்னார்: "இல்லன்னா இல்லன்னே எழுதிக் குடுத்துடலாமாம். ரொம்ப நல்லதாப் போச்சுங்கறார். ஓடட்டும் விடுங்க."

"சார், ஒரு ஆளு உசுரு போன விஷயம்..."

"உசுரு போயிடுச்சு இல்ல? இனிமே டிஸ்க்கை நிறுத்தி என்ன பண்றது? போய் வேலையப் பாருங்க."

இயந்திரத்தை நிறுத்தும் பொத்தான் சித்தப்பாவின் நாற்காலியிலிருந்து கை எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் காலி இடத்தைக் காட்டும் பச்சைப் பட்டை நீண்டுகொண்டே போனது. அன்று வடிகட்டியைக் கழுவ வந்திருந்த ஏசிக்காரர், "என்ன காலிமனை, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டாராம். அந்தக் குளிரிலும் சித்தப்பாவின் சட்டை நனைந்திருந்ததாம். பட்டை நகர்வது நின்ற பிறகுதான் எழுந்தாராம்.

அந்த வருடம் அதிக இடம் மீட்டவர் என்று நிர்வாகம் அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தது. அட்டைப்பெட்டியோடு பரண்மேல் ஏற்றினார். வீட்டில் அவர் திறந்து பார்க்காத பெட்டி அது ஒன்றுதான்.

இதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. நான் கல்லூரியில் படிக்கும்போது ஒரு மதிய நேரம் ஒரு பெண் சித்தப்பா வீட்டு வாசலில் வந்து நின்றாள். நானும் சித்தியும் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தோம். இறந்த லோடுமேனின் மனைவி என்று தன்னைச் சொல்லிக்கொண்டாள். சித்தப்பா விடுமுறையில் இருந்தார். அவளைப் பார்த்ததும் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"சார், கேமராப் படம் நீங்க பாத்தீங்கன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"யாரா இருந்தா என்ன? பாத்தீங்களா, இல்லையா?"

"பாத்தேன்."

அவள் அதுவரை நின்றுகொண்டிருந்தாள். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். சித்தி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"அண்ணே, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவரா போனாரா, யாராச்சும் போகச் சொன்னாங்களா? எம் பையன் பள்ளிக்கூடத்துல அடிச்சிக்கிட்டு வரான். குடிச்சிட்டுச் செத்தவன் மகன்னு சொல்றாங்களாம். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

சித்தப்பா வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இங்க வேணாம்மா. இங்க சொன்னா அது வெறும் பேச்சு. கோர்ட்டுல கூப்பிடச் சொல்லுங்க. வந்து சொல்றேன்."

"சத்தியமா?"

"சொல்றேன்மா. உங்களுக்குக் கடன்பட்டவன் நான்."

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். கதவைச் சாத்தியதும் சித்தி பிடித்துக்கொண்டாள். "அந்தப் பொம்பளை கேட்டது ஒரே வார்த்தை. அதைச் சொல்ல என்னங்க கஷ்டம்?"

"ஊர் பூராப் பரவும். நாளைக்கே வேலை போகும். கோர்ட்டுல சொன்னா ஒரு பாதுகாப்பு இருக்கும்."

நியாயமான பதிலாகத்தான் எனக்குப் பட்டது. இப்போது யோசித்தால், அதில் நியாயம் எவ்வளவு, பயம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்குமா என்று சந்தேகம்தான்.

நீதிமன்றம் அழைத்தது. அன்று சித்தப்பா சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். மதியத்துக்குள் திரும்பி வந்துவிட்டார். சோறு போடச் சொன்னார்.

"போனீங்களா?" என்றாள் சித்தி.

"ரொம்பக் கூட்டமா இருந்துச்சு."

சித்தி குழம்பை ஊற்றினாள். இன்னொரு தேதி வந்தது. அன்று அவருக்குக் காய்ச்சல். உண்மையான காய்ச்சல்தான், நான் தொட்டுப் பார்த்தேன். அதற்குப் பிறகு தேதி வரவில்லை. பதிவும் இல்லை, சாட்சியும் இல்லை என்று வழக்கு தள்ளுபடியானது.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். படித்து முடித்து, வேறொரு நிறுவனத்தில் இதே டிஸ்க் வேலைக்குச் சேர்ந்தேன். அதைச் சொல்லப் போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வாழ்த்து எதுவும் சொல்லவில்லை. ஈரத் துணியை உதறியபடியே, கணினி அறையில் அன்று நடந்ததை முதல் தடவையாகச் சொன்னார்.

"அதுல என்ன பாத்தீங்க சித்தப்பா?"

கொடியில் க்ளிப்பை மாட்டிக்கொண்டே, "அதை முதல்ல அந்தம்மாகிட்டதான் சொல்லணும்" என்றார்.

"அப்ப போய்ச் சொல்லுங்க. கோர்ட்தான் முடிஞ்சு போச்சே."

"ரிட்டயர் ஆகட்டும். ஆனதும் முதல் வேலை அதுதான்."

ஓய்வு பெற்ற சில நாட்களில் குளியலறையில் விழுந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். வலது பக்கம் செயலற்றுப்போனது, பேச்சும் போனது. அந்தப் பெண்ணுக்குத் தகவல் சொன்னது நான்தான். ஆஸ்பத்திரிக்கு வந்தாள், தலைக்குச் சாயம் பூசுவதை விட்டிருந்தாள். சட்டென்று அடையாளம் தெரியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"அண்ணே, நான்தான். கேஸெல்லாம் முடிஞ்சிடுச்சு. இனி யாரும் உங்களை ஒண்ணும் பண்ண முடியாது. எனக்கு மட்டும் சொல்லுங்க. அவரைப் போகச் சொன்னாங்களா? ஆமான்னா ஒரு தடவை கண்ணை மூடுங்க."

சித்தப்பா அவளைப் பார்த்தார். முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கண்கள் மூடின, திறந்தன, மூடின, திறந்தன, நிற்கவே இல்லை. தண்ணீர் வழிந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது எந்தச் சொல்லாகவும் ஆகவில்லை.

"ஒரு தடவைண்ணே. ஒரே ஒரு தடவை."

நர்ஸ் வந்து அவளை விலக்கினாள்.

அடுத்த வாரம் அவர் போய்ச் சேர்ந்தார். சித்தி பரணிலிருந்து கடிகாரப் பெட்டியை இறக்கி, பிரிக்காமலே பழைய சாமான்காரனுக்குப் போட்டாள். என் வேலையிடத்தில் இப்போது அந்தப் பட்டியல் என்னிடம் வருகிறது. யாரும் திறக்காத ஒவ்வொன்றையும் நான் திறந்து பார்க்கிறேன். வேலை மந்தம் என்று திட்டு வாங்குகிறேன். திறந்து பார்ப்பது எனக்குச் சுலபம். ஒரு மேலாளர் வேண்டாம் என்று சொல்லும்போது அந்தப் பொத்தானை அழுத்துவேனா என்று மட்டும் தெரியவில்லை.

போன வாரம் அந்தப் பெண் அழைத்தாள். அவள் மகன் வேறொரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறானாம். அங்கேயும் அப்பாவின் கதை வந்துவிட்டதாம்.

"நேத்து வந்து கேக்கறான், 'அம்மா, உண்மையைச் சொல்லு, அப்பா தானாத்தான் போனாரா'ன்னு. நான் என்னம்மா சொல்லட்டும்? உங்க சித்தப்பா உன்கிட்டயாச்சும் ஏதாவது சொல்லிட்டுப் போனாரா?"

"இல்லைங்க. முதல்ல உங்ககிட்டதான் சொல்லணும்னு சொன்னாரு."

"அப்படியா சொன்னாரு?" என்று கேட்டாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.