சிலி நாட்டு ரோடியோவும் சித்தப்பாவின் வழக்கும்

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. இலங்கையின் வன்னியிலிருந்து போருக்குத் தப்பி வந்த என் சித்தப்பா 2010இல் பாரிஸில் அகதி விண்ணப்பம் கொடுத்தார்.

2. அந்த விண்ணப்பத்தில் அவர் ஒரு மீனவர் என்று எழுதப்பட்டிருந்தது. அவர் மீனவர் இல்லை.

3. அடுத்த ஆண்டு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீடு செய்ய ஒரு மாதம் இருந்தது.

4. அதே மாதத்தில், சிலி நாட்டின் தேசிய விளையாட்டான ரோடியோவைப் பற்றி வகுப்பில் பேசும்படி எனக்குச் சீட்டு விழுந்தது.

5. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் தொடர்பு ஏற்படும் என்று எங்கள் வீட்டில் யாரும் நினைக்கவில்லை.

சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. பாரிஸில் தமிழர்கள் கூடும் லா சப்பலில் எங்கள் இரண்டு அறை வீட்டின் வரவேற்பறை சோபாவில் படுத்துக்கொண்டு, ரூ லூயி-பிளாங் என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சட்டி கழுவினார். நாங்கள் எழும்புமுன் போர்வையை மடித்து மூலையில் வைத்துவிடுவார். அங்கே ஓர் ஆள் படுத்திருந்தார் என்பதற்கு அந்தச் சதுரத்தைத் தவிர அடையாளம் இருக்காது. என்ன கேட்டாலும் 'ஓம்' என்பார். அம்மா சோற்றை மேலும் போட்டாலும் 'ஓம்', போதுமா என்று கேட்டாலும் 'ஓம்'. அவரைப் பேசவைக்க நான் பல வழிகளில் முயன்று தோற்றிருந்தேன்.

அவரை மீனவராக்கியவர் ரூ பெர்தொனேயில் நகைக்கடைக்கு மேல் இருந்த 'கேஸ் எழுதுற அண்ணை'. பிரெஞ்சு தெரியாதவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது அவர் தொழில். வென்ற கேஸ் ஒன்று அந்த நாட்களில் லா சப்பலில் கல்யாண வீட்டுக் கோட்டு மாதிரி. அளவு சரியோ பிழையோ, ஆளுக்காள் கைமாறும். "மாடு வளர்த்தனான் எண்டால் ஆர் தம்பி நம்புவினம்? போன மாசம் ஒரு கடல் கேஸ் வெண்டது. நீ கடலாலை வா" என்றாராம். சித்தப்பா 'ஓம்' என்றிருக்கிறார். விசாரணையில் அதிகாரி வலைகளைப் பற்றிக் கேட்டார். இவர் "பெரிய வலை" என்றார். எந்த மீனுக்கு எந்த வலை என்று கேட்டபோதும் பெரிய வலைதான். நிராகரிப்புக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டியவள் நான். கேட்டுவிட்டு, "நான் மீனைச் சட்டிக்குள்ளைதானே பிள்ளை கண்டனான்" என்றார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது நான் மின்னணுவியல் படிப்பின் முதல் வருடத்தில் இருந்தேன். பேச்சுப் பயிற்சிக்காக வகுப்பில் எல்லோருக்கும் ஒவ்வொரு நாட்டின் தேசிய விளையாட்டைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள். ரோடியோ என்றால் முரட்டுக் காளையிலிருந்து ஒருவர் தூக்கி எறியப்படுவது என்றுதான் நினைத்திருந்தேன். தேடிப் படித்தபோது கதை வேறாக இருந்தது. ஸ்பானியர்கள் கொண்டுவந்த மாடுகள் வேலியில்லாத நிலங்களில் மேய்ந்து திரிந்தன. ஆண்டுக்கொரு முறை அவற்றை ஒன்றாகத் துரத்திச் சாய்த்து வந்து, பிரித்து, எண்ணி, குறி சுட வேண்டும். அந்தச் சாய்ப்புக்குத்தான் ரோடியோ என்று பெயர். ஆக, அது முதலில் ஒரு வேலை. வேலையில் யார் கெட்டிக்காரர் என்ற போட்டி வந்தது. பிறகு பார்க்க ஆட்கள் வந்தார்கள். அதற்குப் பிறகு வட்டக் களம், நடுவர்கள், புள்ளிகள், சங்கம், கடைசியில் தேசிய விளையாட்டு என்ற பட்டம். அதே மாட்டு வேலை மெக்சிகோவில் வேறொரு தேசிய விளையாட்டாகவும், அமெரிக்காவில் எட்டு வினாடி காளை மேல் இருந்து காட்டும் போட்டியாகவும் வளர்ந்திருந்தது. சிலிக்காரர்கள் காளை மேல் ஏறுவதில்லை. குதிரையில் இருவர் சோடியாக வந்து, ஓடும் இளங்காளையைக் களத்துச் சுவரோடு மறித்து நிறுத்துவார்கள்.

ஒரு திங்கட்கிழமை பின்னேரம், சித்தப்பாவின் கடைக்கு விடுமுறை. நான் கணினியில் அந்தப் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் அவர் அம்மாவுக்காக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"நிப்பாட்டு பிள்ளை. திரும்பப் போடு."

போட்டேன்.

"இவன் பிந்தீட்டான். மாடு இப்ப உள்ளுக்கை வெட்டும், பார்."

காளை வெட்டித் திரும்பியது. குதிரைக்காரர் வெறுஞ்சுவரை மறித்தார். சித்தப்பா அடுத்ததையும் சொன்னார், அதுவும் சரி. "எப்படித் தெரியும்?" என்றேன். "காது சொல்லுமே" என்றார், எல்லோருக்கும் தெரிந்த விஷயம் போல. கழுத்தில் மறித்தால் புள்ளி இல்லை, பின்பக்கத்தில் மறித்தால்தான் கூடுதல் புள்ளி என்ற விதியை வாசித்துக் காட்டினேன். அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதலில் கேட்டேன்.

"சரியான சட்டம். மாடு சாய்ச்சவன்தான் எழுதியிருக்கிறான். ஆனா சுவரிலை கொண்டுபோய் இடிக்கிறது என்னத்துக்கு? வேலையெண்டால் மறிக்கத்தான் வேணும். விளையாட்டுக்கு ஏன் இடிப்பான்?"

பிறகு, குறி எப்படிச் சுடுகிறார்கள் என்று கேட்டார். படம் காட்டினேன். என் பென்சிலை வாங்கி என் குறிப்புப் புத்தகத்தில் ஒரு வளைவும் அதன் கீழே இரண்டு கோடும் போட்டார். "இது எங்கடை" என்றார். அப்படித்தான் வெளியே வந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட மாடுகள், காட்டோரப் பட்டி, மழைக்கு முன் சாய்த்து வரும் பாதை, அவரோடு சோடியாக நின்று மறித்த சிநேகிதர். வகுப்புக்கு உதவும் என்று எண் போட்டு எழுதிக்கொண்டே போனேன். பதினான்காவது குறிப்பு வகுப்புக்கு உரியதாக இல்லை.

போரின் கடைசி நாட்களில் அவர் தன் அக்காவோடும் அக்காவின் பிள்ளைகளோடும் இடம்பெயர்ந்துகொண்டிருந்தார். மாடுகளைப் பட்டியில் அடைத்தபடியே விட்டு வந்தது பாதி வழியில்தான் அவருக்கு உறைத்தது. பட்டியைத் திறந்துவிடத் திரும்பிப் போனார். திறந்துவிட்டு வந்தபோது அவர்களைக் காணவில்லை. தனி ஆளாக வந்த ஆம்பிளையை இராணுவம் பிடித்து மாதக்கணக்கில் அடைத்து வைத்தது. அக்காவும் பிள்ளைகளும் உயிர் தப்பியிருந்தார்கள். ஆனால் அக்கா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

"மாடோ நாங்களோ எண்டு கேட்டவ. நான் என்ன சொல்ல?"

கேஸ் எழுதுபவர் கடலைக் கொடுத்தபோது இவர் ஏன் மறுக்கவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கியது.

"சித்தப்பா, இதைத்தான் எழுதோணும்."

"சிரிப்பினம் பிள்ளை."

அப்பா சிரிக்கவில்லை, கோபப்பட்டார். "ஒருக்காச் சொன்னதை மாத்தினால் பொய்யன் எண்டு திருப்பி அனுப்புவாங்கள். பிறகு ஆர் பொறுப்பு? நீயோ?" அவர் பயத்தில் நியாயம் இருந்தது. கேஸ் எழுதும் அண்ணை வீட்டுக்கே வந்து தேநீர் குடித்துவிட்டு, "மாட்டுக்காரனுக்கு வதிவிடக் கார்ட் குடுத்த நாட்டை நான் இன்னும் காணேல்லை" என்றார். சித்தப்பா வழக்கம்போல 'ஓம்' என்பார் என்று எதிர்பார்த்தேன். "அண்ணை, எனக்கு நீந்தத் தெரியாது. திரும்பவும் கடலிலை இறக்காதையுங்கோ" என்றார். அம்மா சமையலறைக்குள் போய்ச் சிரித்தார்.

மேன்முறையீட்டுக்கு நாங்கள் பிடித்த வழக்கறிஞர் அம்மையார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: முதல் வரியிலேயே முந்திய கதை பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எழுதினோம்.

மேன்முறையீட்டு மன்றத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நானும் அப்பாவும் பின் வரிசையில். ஏன் பொய் சொன்னீர்கள் என்று நடுவில் இருந்த பெண்மணி கேட்டார். "அது வெண்ட கதை எண்டு சொன்னவை" என்றார் சித்தப்பா. பாண்டிச்சேரிக்காரரான மொழிபெயர்ப்பாளர் அதைப் பிரெஞ்சில் சொன்னதும், ஓரத்தில் இருந்தவர் தாளால் வாயை மறைத்துக்கொண்டார். மாடுகளைப் பற்றிக் கேட்டார்கள். வீட்டில் மூன்று சொல்லுக்கு மேல் பேசாத மனிதர், கேட்கக் கேட்கச் சொன்னார். குறியை வரையச் சொன்னார்கள். அதே வளைவு, இரண்டு கோடு. அந்த ஆபத்தில் ஏன் திரும்பிப் போனீர்கள் என்பது கடைசிக் கேள்வி.

"அடைச்ச மாடு ஓட ஏலாது."

மொழிபெயர்ப்பாளர் அதையும் அப்படியே பிரெஞ்சில் சொன்னார். பக்கத்தில் அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. அகதியாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். கேஸ் எழுதும் அண்ணைக்கும் அப்பாதான் இனிப்புக் கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த கிழமையே அந்த அண்ணை சித்தப்பாவைப் பிடித்து, மாட்டுக் கேஸின் பிரதி ஒன்று கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். சித்தப்பா 'இல்லை' என்றாராம். அதுவரை அந்தச் சொல்லை அவர் சொல்லி நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை.

தீர்ப்பில் பட்டியைத் திறக்கப் போனது பற்றி ஒரு பந்தி எழுதியிருந்தார்கள். அதைத் தமிழில் எழுதி மாமிக்கு, சித்தப்பாவின் அந்த அக்காவுக்கு, அனுப்பினேன். பதில் வரவில்லை.

நான் இப்போது ரயில் சமிக்ஞைப் பராமரிப்பில் வேலை செய்கிறேன். சித்தப்பா அதே கடையில் சமையல்காரர். இரண்டு தெரு தள்ளித் தனியாக ஓர் அறை. திங்கட்கிழமைகளில் ஊருக்குப் போன் எடுக்கிறார். மாமி எடுத்து, ஒன்றும் பேசாமல் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவார். பல வருடங்களாக அப்படித்தான். சென்ற மாதம் கொடுப்பதற்கு முன், "சாப்பிட்டியோ?" என்று கேட்டார். சித்தப்பா 'ஓம்' என்றார். இன்றுவரை அவ்வளவுதான் பேசியிருக்கிறார்கள்.