மதுரை பஸ்ஸில் ஓர் அர்ச்சனைக் கூடை

தொண்ணூறுகளில் காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போகும் காலை பஸ்ஸில் அந்த ஒல்லியான பெண்ணை அடிக்கடி பார்ப்பேன். காலடியில் அர்ச்சனைக் கூடை. மடியில், பிளந்த உதட்டைத் தைத்த தழும்போடு ஒரு சிறுமி. உள்ளங்கையில் காகிதத் துணுக்கை வைத்து, வழியெல்லாம் மகளை ஊதச் சொல்வார்.

“மீனாச்சி கோயிலுக்கா, தாயி?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஆஸ்பத்திரிக்குண்ணே. இவளுக்குப் பேச்சுப் பழக்குறாக. ஒதட்டத்தான் தச்சாச்சே, இன்னமும் ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சா நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவான்னு மாமியா வையிறாக. அதான் கோயிலுக்குன்னு சொல்லிட்டு வாரேன்.”

“தேங்கா முழுசாத் திரும்பி வந்தா தெரிஞ்சிராதா?”

சிரித்தார். “ஆஸ்பத்திரிப் படியிலயே ஒடச்சிருவேன்.”

இன்றும் எங்காவது தேங்காய் உடைபடும் சத்தம் கேட்டால், அந்தச் சிறுமி இப்போது எப்படிப் பேசுகிறாளோ என்று நினைத்துக்கொள்கிறேன்.