காலைப் பார்ப்பதா, பந்தைப் பார்ப்பதா

ஷஹனாஸ் கடலூர் முதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு பி.டி. மிஸ். பத்து வருஷமாகப் பெண் பிள்ளைகளின் சாஃப்ட்பாலுக்கு நடுவர். எங்கே ஆட்டம் என்றாலும் ஹிஜாப் மேல் நீலத் தொப்பியை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். ஒருமுறை சொன்ன தீர்ப்பை அவர் மாற்றியதே கிடையாது. சிதம்பரத்தில் நடந்த பதினாலு வயதுக்குட்பட்டோர் போட்டியில் அது மாறியது.

பந்து வீசியவள் குடிகாடு அணியின் இசைவாணி. கையை ஒரு சுற்றுச் சுற்றி, இடுப்புக்குக் கீழிருந்து பந்தை விடுவாள். விடும்போது பின்னங்கால் மண்ணை உரசிக்கொண்டே வர வேண்டும் என்றுதான் ஷஹனாஸ் படித்திருந்தார். இசைவாணியின் கால் மண்ணை விட்டு எழும்பியது.

"இல்லீகல் பிட்ச்!"

முறை தவறி வீசினாலோ, பந்து விலகியோ தாழ்ந்தோ போய் மட்டை பிடித்தவள் அதை அடிக்காமல் விட்டாலோ அது ஒரு 'பால்' என்று கணக்காகும். நாலு பால் சேர்ந்தால் மட்டை பிடித்தவள் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகலாம். இது நாலாவது. மூன்று பேஸிலும் ஆள் நின்றதால் எல்லாரும் ஒரு பேஸ் நகர, எதிரணிக்குச் சும்மா ஒரு ரன்.

இசைவாணியின் கோச் சகாய ஆனந்த் போனோடு ஓடி வந்தார். "மேடம், கால் காத்துல இருந்தா இப்ப தப்பில்ல. ரூல மாத்திட்டாங்க. கீழ எறங்கி மறுபடி உந்துனாதான் தப்பு."

ஷஹனாஸ் போனில் இருந்த விதியை இரண்டு தடவை படித்தார். போட்டியை நடத்தும் கோவிந்தசாமியைத் திரும்பிப் பார்த்தார்.

"புது ரூல்தாம்மா. வாட்ஸ்அப்ல போட்டேனே, பாக்கலியா?"

பார்க்கவில்லை. பெண் மறுபடி உந்தினாளா? யோசித்துப் பார்த்தார். கால் எழும்பியதுமே தப்பு என்று கையை நீட்டிவிட்டார். அதற்கப்புறம் எதையும் கவனிக்கவில்லை. குனிந்து மண்ணைப் பார்த்தார். காலையிலிருந்து இழுபட்ட தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

"தப்பா சொன்னனா, சரியா சொன்னனான்னே தெரியல சார்," என்றார். சண்டைக்குத் தயாராக வந்த ஆனந்த் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ரன்னை ரத்து செய்து, அந்தப் பந்தை மறுபடி போடச் சொன்னார். எதிரணியினர் கத்தினார்கள். இந்தத் தடவை ஷஹனாஸ் இசைவாணியின் காலையே பார்த்தார். எழும்பியது, இறங்கியது, உந்தவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டபோதுதான் மைதானமே தன் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பது உறைத்தது. மட்டை பிடித்தவள் அடிக்கவில்லை. பந்து எந்தப் பக்கம் போனது? பின்னால் பந்து பிடிக்கும் பெண்ணின் கிளவுஸ் தாழ்வாக இருந்தது.

"பால்," என்றார்.

ரத்தான ரன் திரும்பி வந்தது. அந்த ஒரு ரன்னில்தான் இசைவாணியின் அணி தோற்றது.

ஆட்டம் முடிந்ததும் அவள் வந்தாள். "மிஸ், கடைசியா பால் சொன்னீங்களே, கால் தப்பா, பந்து தப்பா?"

"கால் சரிதாம்மா. பந்த நான் பாக்கல. கிளவுஸ் கீழ இருந்துச்சு."

"அவ எப்பவும் கீழதான் மிஸ் வச்சிருப்பா."

அவளுக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஷஹனாஸ் நடந்ததை அப்படியே எழுதிக் கோவிந்தசாமியிடம் கொடுத்தார். முடிவு மாறவில்லை. "மத்தியான ஆட்டத்துக்கு வேற ஆள் போட்டுக்குங்க சார்," என்றார்.

"வேற ஆள் யாரு இருக்கா? நீங்களே நில்லுங்க."

"அப்ப பேஸ்ல நிக்கிற நடுவர் காலப் பாக்கட்டும். நான் பந்த மட்டும் பாக்குறேன்."

அப்படியே நடந்தது. ஆனாலும் ஒவ்வொரு வீச்சுக்கும் அவர் கண் ஒரு நொடி மண்ணுக்குப் போய்விட்டுத்தான் வந்தது.