தகப்பன் பக்கத்துப் பிழை

எங்கள் ஊர்களில் பிள்ளை பிறந்தால், பார்க்க வருகிறவர்கள் முதலில் செய்வது முகத்தைப் பங்கு பிரிப்பதுதான். மூக்கு தாய் பக்கம், நெற்றி தகப்பன் பக்கம். நான் கலியாணம் முடித்து வந்த புத்தூருக்கு, என் மகளைப் பார்க்க உடுப்பிட்டியிலிருந்து என் சனம் வந்தபோதும் அப்படித்தான் பிரித்தார்கள். காதுக்கு மட்டும் ஒருவரும் உரிமை கோரவில்லை. அப்போது அது பகிடி, எல்லாரும் சிரித்தோம்.

அந்தக் கிழமையே பிள்ளை மஞ்சளாகி, குடித்த பாலையெல்லாம் கக்கத் தொடங்கினாள். பாலில் இருக்கும் கலக்டோஸ் என்ற சீனியை அவளுடைய உடம்பால் சமாளிக்க முடியாது, என் பால் அவளுக்கு நஞ்சு என்றார்கள் ஆஸ்பத்திரியில். தாய்ப்பாலை நிறுத்திச் சோயாமா கரைத்துக் கொடுக்கப் பிழைத்துக்கொண்டாள். நான் பாலைப் பிழிந்து வெளியே ஊற்றிவிட்டு அழுதேன்.

பிறகு பரம்பரை நோய்களை ஆராயும் குழுவிலிருந்து ஒரு பெண் டொக்டர் வந்து எங்கள் மூன்று பேரிடமும் இரத்தம் எடுத்தார். தாயிடமிருந்து ஒரு பிழையான மரபணு, தகப்பனிடமிருந்து இன்னொன்று, இரண்டும் சேர்ந்தால்தான் இந்த வருத்தம் வரும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். அவ்வளவு விளக்கமாகச் சொல்லாமல் விட்டிருக்கலாம். முடிவு வந்தபோது என்னில் ஒரு பிழை இருந்தது. அதே பிழை பிள்ளையிலும் இருந்தது. என் கணவரில் ஒன்றுமே இல்லை. "இன்னும் தேடிப் பாக்கோணும்" என்று டொக்டர் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை.

மச்சாள், இவருடைய அக்கா, சமையலறைக்கு வந்து நேரே கேட்டார்.

"ரெண்டு பக்கத்தாலையும் வந்தால்தானே இந்த வருத்தம்? என்ரை தம்பியிலை ஒண்டுமில்லை. அப்ப மற்றது ஆரிட்டையிருந்து வந்தது?"

கையிலிருந்த அகப்பையால் அடிக்காமல் விட்டது என் நல்ல குணம். இவர்தான் வாசலில் நின்று கத்தினார்.

"அக்கா, வாயைப் பொத்திக்கொண்டு வீட்டை போங்கோ. எனக்கு என்ரை மனிசியைத் தெரியும்."

அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்காக நாளை ஓட்டினேன். வருகிறவர்கள் பிள்ளையின் காதை இப்போது பகிடி இல்லாமல் பார்த்தார்கள். யார் தொட்டிலுக்குக் குனிந்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சோயாமா விற்கும் கடைக்காரர் சிரித்தால்கூட, என்னவோ கேள்விப்பட்டுத்தான் சிரிக்கிறார் என்று நினைப்பேன். நான் சந்தேகப்படத் தேவையில்லாத ஆள் இவர் ஒருவர்தான்.

ஒருநாள் காலை டொக்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். இவர் வெங்காயத் தோட்டத்தில் நின்றார்.

"முதல் சோதனை வெளிநாட்டுப் பிள்ளையளிலை கண்ட பிழையளை மட்டும்தான் தேடும். எங்கடை சனத்திலை ஆர் முந்தித் தேடினது? இந்தமுறை மரபணுவை முழுசா வாசிச்சம். மகளின்ரை மற்றப் பிழை அப்பாவிலையும் இருக்கு."

நன்றி சொன்னேனா என்றுகூட ஞாபகமில்லை.

"அவர் கேட்ட மற்றச் சோதனையும் இனித் தேவையில்லை எண்டு சொல்லிவிடுங்கோ."

"என்ன சோதனை?"

"அவர்தான் தகப்பனோ எண்டு பாக்கிறது. ரெண்டு பேரும் கதைச்சுத்தான் கேட்டனீங்கள் எண்டு நினைச்சன்."

இவர் மண் காலோடு வந்தார். உங்களிலும் இருக்காம் என்றேன். பிள்ளையைத் தூக்கிச் சுற்றினார்.

"நான் அண்டைக்கே சொன்னனான்தானே!"

"மற்றச் சோதனை இனித் தேவையில்லையாம்" என்றேன்.

சுற்றுவது நின்றது. பிள்ளையை இறக்கவுமில்லை, என்னைப் பார்க்கவுமில்லை.

மச்சாளோடு இப்போது வழமைபோலக் கதைக்கிறேன். அவராவது என் முகத்துக்கு நேரே கேட்டவர்.