படத்தில் விழுந்த தாலி

தோழிகளே, நமக்குள் கைமாறி வரும் இந்தச் சுற்று நோட்டில் இன்று சிரிக்க ஒன்றும் இல்லை. அப்பா தூங்கிய பிறகு, விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இரண்டு மாதமாக அம்மா இருமினால் இரத்தம் வருகிறது. இன்று ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். இங்கிலீஷ் படிப்பவள் என்று நான் துணைக்குப் போனேன்.

“தாலி, சங்கிலியெல்லாம் கழட்டிட்டீங்களா?” என்று படம் எடுக்கும் தமிழ் டிரசர் திரைக்கு வெளியிலிருந்து கேட்டார்.

மாற்றிக் கட்ட மஞ்சள் கயிறு கொண்டுபோயிருந்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

“உங்கப்பா பாம்பு கெடக்குற காட்டுல மரம் வெட்டுறாரு. இப்பப் போய் கழட்டச் சொல்றியேடி!”

தாலியை ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டாள்.

“கழட்டியாச்சுங்க” என்று நான்தான் பதில் சொன்னேன்.

படத்தைப் பார்த்ததும் டிரசர், “அலமாக்! என்னம்மா இது?” என்றார். டாக்டர் பார்க்க வேண்டிய இடத்தில் தாலி வெள்ளையாக விழுந்திருந்தது.

“இனி அடுத்த மாசம்தான் எடுப்பாங்க. தெரியற பக்கமே நல்லா இல்ல, தங்கச்சி” என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

இயந்திரம் பழுது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டோம். சுவருக்கு அப்பால் அம்மா இருமுகிறாள். அடுத்த மாதம்வரை தாங்குவாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

சேலை, தோல், சதை எல்லாவற்றையும் கடந்து போகும் கதிராம். எங்கள் அம்மாவின் தாலியிடம் தோற்றுவிட்டது.

உங்கள் வீட்டில் யாராவது கழட்டியிருக்கிறார்களா? என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தீர்கள்? எழுதுங்கள்.