பெரியண்ணன் கடை டெலிபோன்

கண்ணுகளா, நம் சேந்தமங்கலம் ரோட்டு முக்கில் புதுசாக ஒரு காப்பிக்கடை திறந்திருக்கிறார்கள். ஊருக்கு ஊர் இருக்குமாம். எங்கே போனாலும் அதே பேர், அதே நாற்காலி. கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று நான் முழித்துக்கொண்டு நின்றபோது, உள்ளே ஒரு மெஷின் 'புஸ்ஸ்' என்று ஆவி விட்டது. வண்டியை நிறுத்தும்போது ஏர் பிரேக் விடுமே, அச்சு அசல் அதே சத்தம். லாரி ஓட்டினவன் காதுக்கு அது ஊர் வந்து சேர்ந்ததற்கான சத்தம். தைரியமாக உள்ளே போய்விட்டேன்.

"பில்லுக்கு உங்க நம்பர் சொல்லுங்க அங்கிள்" என்றாள் கல்லாவில் நின்ற பெண்.

சொன்னேன்.

"பாதிதான் வந்திருக்கு. மீதி?"

அப்புறம்தான் உறைத்தது. நான் சொன்னது என் செல் நம்பர் இல்லை. இதே இடத்தில் இருந்த பெரியண்ணன் டீக்கடையின் பழைய டெலிபோன் நம்பர்.

நீங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள், ஞாபகம் இருக்குமோ என்னமோ. நம் வீட்டில் போன் கிடையாது. வடக்கே எங்கே லோடு இறக்கினாலும் எஸ்.டி.டி. பூத்தில் இருந்து அந்த நம்பருக்குத்தான் போடுவேன். பெரியண்ணன் எடுப்பார், தெருவைப் பார்த்துக் கத்துவார்: "லாரிக்காரரு லைன்ல இருக்குறாருங்கோ!" அந்தச் சத்தம் வாசலுக்கு வாசல் கைமாறி நம் அடுப்படிக்கு வந்து சேரும். அம்மா ஈரக்கையோடு ஓடி வருவாள், பின்னாலேயே நீங்கள். அதுவரைக்கும் நான் போனை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போடுவேன்.

ஒரு மழைக்காலத்தில் நாக்பூர் பக்கம் வெள்ளத்தில் வண்டி மாட்டி, பல நாள் பேச முடியவில்லை. கடைசியில் ஒரு பூத் கிடைத்து, இரண்டாம் தரம் போட்டபோது எடுத்தது அம்மாதான் என்று நினைத்து, "உன்ற நெனப்பாவே இருக்குது புள்ள" என்று சொல்லிவிட்டேன்.

"எனக்கும் அப்படித்தான் மாப்ள" என்றது பெரியண்ணன் குரல். "உம்பட ஊட்டுக்காரி இப்பத்தான் ஓடியாருது. அதுக்குள்ள இன்னும் ஏதாச்சும் இருந்தா என்கிட்டயே சொல்லிப்போடு!"

கடை மொத்தமும் சிரித்தது நாக்பூர் வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு நான் ஊர் திரும்பினாலே, "நெனப்பு மாப்ள வந்துட்டாப்ல, ஒரு டீ போடுங்க" என்பார்கள். அம்மா அன்றைக்குக் கேட்டது ஒன்றே ஒன்று: "வண்டி ஓடுதுங்களா?" அத்தனை பேர் எதிரில் 'உசுரோட இருக்கறீங்களா' என்று என்னைக் கேட்க முடியாதல்லவா, அதற்குப் பதிலாகத்தான் அது.

காப்பி வந்தது. நுரையில் இலை வரைந்திருந்தார்கள், அழகாகத்தான் இருந்தது. சுற்றிலும் எல்லாரும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தனித்தனியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் ஆறவிட்டுக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

நீங்கள் ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறீர்கள், குறை சொல்லவில்லை. சட்டைப்பையிலேயே மணி அடிக்கிறது. "சாப்டீங்களாப்பா?" "ஆச்சு சாமி." வைத்துவிட்டால், பிள்ளைகள் பேசினார்கள் என்று சொல்ல அம்மாவும் இல்லை. அன்றைக்கு நான் கண்காணாத ஊரில் இருந்தேன். நான் நன்றாக இருக்கிறேன் என்பது பெரியண்ணன் கத்தின ஒரு கத்தலில் இந்தத் தெருவுக்கே தெரிந்தது. இப்போது இந்தத் தெருவில்தான் இருக்கிறேன்.